அடைக்கலமேரியின் நாத்தனார்

“நோய்க்கு என் வீட்டு வழி தெரியாது. தப்பித் தவறி வந்தாலும் வாசல்ல நின்னு ஆழாக்கு நெய் வாங்கிக்கிட்டுத்தான் திரும்பிப் போகணும். நான் நோயாளின்னு ஒரு ஆஸ்பத்திரி பெஞ்சில போய்க் குந்துவேன்னு எவளும் காத்துக் கெடக்க வேணாம்!”

1948-ஆம் ஆண்டு, ஈஸ்டரை ஒட்டிய பாஸ்குத் திருவிழாக் கூட்டத்தில், ஆவூர்ப் பெரிய கோயிலுக்கு எதிரே, இடுப்பில் நெய்த்தூக்கோடு நின்று அடைக்கலமேரி அவர்கள் விடுத்த அறிக்கை இது. அதே மாதத்தில்தான் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. இரண்டு செய்திகளில் ஆவூர் எதைப் பெரிதாக எடுத்துக்கொண்டது என்று விளக்கத் தேவையில்லை. சமஸ்தானம் போனால் ஜில்லா வரும். அடைக்கலமேரியின் நெய் போனால் என்ன வரும்? வனஸ்பதிதான் வரும்.

இருபத்தேழு வயதில் அவரைக் கைம்பெண்ணாக்கிவிட்டுப் போன கணவர் சூசை, ஒரு பிள்ளையையும் ஒரு பசுவையும் விட்டுச் சென்றார். பசு நன்றியுள்ள பிராணி. ஆறு மாதத்தில் எசமானைத் தேடிப் போய்விட்டது. மிச்சமிருந்த பிள்ளை குழந்தைசாமியை இடுப்பின் ஒரு பக்கத்திலும் காலித் தூக்கை மறுபக்கத்திலும் வைத்துக்கொண்டு அடைக்கலமேரி ஊர் ஊராகப் போனார். குன்றாண்டார்கோவில் பக்கத்துக் குடியானவர் வீடுகளில் வெண்ணெய் வாங்கி, முருங்கைக்கீரை போட்டு உருக்கி, கீரனூரிலும் புதுக்கோட்டையிலும் விற்றார். பிள்ளை வளர்ந்து இறங்கிக்கொண்டான். தூக்கு இறங்கவில்லை.

ஆள் நல்ல உயரம். அகலத்தைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. எதிரே வரும் மாட்டு வண்டிக்காரர்கள் ஓரமாக ஒதுங்குவார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வோம். இதற்கெல்லாம் நெய்யே காரணம் என்று அவரே சொல்லுவார். “சீசாவைப் பாத்து நெய் வாங்காதீக, என்னையப் பாத்து வாங்குங்க!” என்பதுதான் அவருடைய வியாபாரம். மற்ற வியாபாரிகள் சுவரில் விளம்பரம் எழுதிய காலத்தில், அவர் விளம்பரத்தைத் தானே சுமந்து போனார். ஆகவே அந்த உடம்புக்கு ஒரு தும்மல் வந்தாலும் தெருமுனையைத் தாண்டிய பிறகே தும்முவது வழக்கம்.

கலப்படத்தைப் பற்றி அவர் கொண்டிருந்த கொள்கை கொஞ்சம் கடுமையானது. 1955-இல் கிறிஸ்துமஸ் நெருக்கடியில் நெய் போதாமல், மகன் குழந்தைசாமி ஒரு பானையில் ஒரே ஒரு கரண்டி வனஸ்பதியை ஊற்றிவிட்டான். ஊரில் ஒரு மூக்குக்கும் அது தெரிந்திருக்காது. அவனே மனது உறுத்திச் சொல்லிவிட்டான். அடைக்கலமேரி அந்தப் பானையை அலாக்காகத் தூக்கி வந்து கோயில் வாசலில் எல்லோரும் பார்க்கக் கவிழ்த்தார்.

“ஒரு கரண்டிதானே ஆத்தா!” என்று அழாத குறையாகச் சொன்னான் மகன்.

“ஒரு கரண்டிதானா? சரிடா ராசா, பானைக்குள்ள ஊத்தியாச்சுல்ல, இப்ப அந்த ஒரு கரண்டி எதுன்னு எடுத்துக் காட்டு. காட்டிட்டா மிச்சத்தை வித்துப்புடுறேன்.”

அவனால் காட்ட முடியவில்லை. அவ்வருடம் ஆவூர் நாய்கள் கொண்டாடிய கிறிஸ்துமஸை அதற்கு முன்னும் பின்னும் எந்த நாயும் கொண்டாடியதில்லை.

இப்படிப்பட்ட வரலாறு படைத்த அம்மையாருக்கு, 1961-ஆம் ஆண்டு தவக்காலத்தில், குளிக்கும்போது இடது மார்பில் ஏதோ தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு. வலி இல்லை. அழுத்தினால் நகரவும் இல்லை. அவருக்கு வயது ஐம்பத்தேழு. மாதாமாதம் வரும் தூரம் நின்று ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. அந்தச் சங்கடங்கள் எல்லாம் முடிந்த கணக்கு என்று நினைத்திருந்தவருக்கு இது புதுக் கணக்காக இருந்தது.

அவர் செய்த முதல் காரியம், நெய்த்தூக்கை இடது இடுப்பிலிருந்து வலது இடுப்புக்கு மாற்றியது. இரண்டாவது காரியம், ஒன்றும் செய்யாமல் இருந்தது. மஞ்சளைக் குழைத்துப் பூசினார். வெற்றிலையை வாட்டி ஒட்டினார். மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்தார். எதற்காக என்று மாதாவிடம்கூட விவரமாகச் சொல்லவில்லை. புளியங்கொட்டை கொட்டைப்பாக்கு ஆயிற்று.

சொல்லியிருக்கலாமே என்று வாசகர்கள் கேட்கக்கூடும். யாரிடம் சொல்வது? புற்று என்பது தொட்டால் ஒட்டும், பார்த்தால் தொற்றும், நினைத்தால் நடந்தே வந்துவிடும் என்று நம்பிய காலம் அது. புற்று வந்தவள் கையால் உருக்கிய நெய்யை எந்த வீடு வாங்கும்? விளம்பரப் பலகையில் கரையான் ஏறிவிட்டது என்று பலகையே எப்படி அறிவிக்கும்? சொன்னால் முப்பது வருடத்துப் பேர் போகும். சொல்லாவிட்டால் உயிர் போகும். இரண்டில் எது முதலில் போகும் என்று பார்த்துவிடலாம் என்று அவர் இருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் விஞ்ஞானம் அவரிடம் நெய் வாங்க வந்தது.

புதுக்கோட்டையில், பெயர் இங்கே தேவைப்படாத ஒரு பெண்கள் ஆஸ்பத்திரிக்கு ஞானமணி என்றொரு டாக்டரம்மா புதிதாக வந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி, வீட்டில் உழக்கு நெய்க்கு மேல் செலவாகாத சிக்கனம். ஒருநாள் நெய்யை அளக்கும்போதே பேச்சைத் தொடங்கினார்.

“அடைக்கலமேரியம்மா, நீங்க பல ஊர் போறவங்க. எனக்கு ஒரு உதவி வேணுமே.”

“நெய்யா, வெண்ணெயா?”

“பொம்பளைங்க. தூரம் நின்னுபோன, நோய் நொடியில்லாத பொம்பளைங்க வேணும்.”

அடைக்கலமேரி தூக்கை மூடிவிட்டு டாக்டரம்மாவை மேலும் கீழும் பார்த்தார். “எத்தனை படி?”

டாக்டரம்மா சிரித்துவிட்டு விளக்கினார். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு மார்பில் புற்றுக்கட்டி வருகிறது. வந்தவர்களின் ரத்தத்தில் கொழுப்பு எவ்வளவு, உடம்பில் ஊறும் ஹார்மோன் எவ்வளவு என்று அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆனால் நோய் உள்ளவர்களை மட்டும் பார்த்தால் போதாது. அதே வயதில் நோயில்லாத பெண்களையும் பார்த்து ஒப்பிட்டால்தான் எது வித்தியாசம் என்று தெரியும்.

“தூரம் நின்னதுக்கப்புறம் ஒடம்புல என்ன ஊறும்? அதான் எல்லாம் வத்திப் போச்சே?”

“முழுசா வத்துறதில்லை. கொஞ்சம் ஊறிக்கிட்டுத்தான் இருக்கு.”

“அடுப்பை அணைச்ச பொறவும் சட்டி கொஞ்ச நேரம் காயுமே, அது மாதிரியா?”

“கிட்டத்தட்ட அப்படித்தான். அந்தச் சூடுதான் கட்டியை வளர்க்குதா, கொழுப்புக்கு அதுல பங்கு உண்டா, எதுவும் இன்னும் தெரியாது. தெரிஞ்சுக்கத்தான் இந்த வேலை.”

கொழுப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நெய் வியாபாரிக்கு முகம் சுருங்கியது. ஆனால் அவர் கேட்டது வேறு.

“அந்தக் கட்டி வந்தா… ஆளு போயிரும்ல? எனக்கில்ல. என் நாத்தனா ஒருத்திக்கு இருக்குன்னு சொன்னாக. கொட்டைப்பாக்கு மாதிரி. வலியெல்லாம் இல்ல.”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். “வலியில்லாததுதான் மோசம். எத்தனை நாளா இருக்கு? உடனே கூட்டிட்டு வாங்க. சீக்கிரம் வந்தா வெட்டி எடுத்துடலாம், பொழைக்க வழி இருக்கு. புண்ணாகி வந்தா என்னால ஆறுதல்தான் சொல்ல முடியும்.”

“சொல்லிப் பாக்குறேன். ரொம்ப வீம்பு புடிச்சவ.”

இங்கே ஒரு சிறு விவரம். காலஞ்சென்ற சூசை அவருடைய பெற்றோருக்கு ஒரே பிள்ளை. ஆகவே மேற்படி நாத்தனார் இப்பூவுலகில் பிறக்கவே இல்லை. பிறக்காத ஒரு பெண்ணின் உடல்நலத்தில் டாக்டரம்மா அன்றுமுதல் கொண்ட அக்கறை மருத்துவத் துறைக்கே பெருமை தருவது. நெய் வாங்கும்போதெல்லாம் கேட்பார்: “உங்க நாத்தனார் வந்தாங்களா?” ஒருமுறை, வயலில் நடவு என்று பதில் வந்தது. இன்னொரு முறை, பேரப்பிள்ளைக்கு அம்மை என்றார். பிறக்காத நாத்தனாருக்குப் பேரனும் பிறந்துவிட்டான்.

ஆள் சேர்க்கும் வேலையை அடைக்கலமேரி ஏற்றுக்கொண்டார். நோயற்ற பெண்கள் வேண்டும் என்று கேட்டவரிடம், தனக்குத் தோதுப்படாது என்று அவர் எப்படிச் சொல்வார்? ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

“ரத்தம் எடுங்க, மத்ததை எடுங்க, கேள்வி கேளுங்க. ஆனா ரவிக்கையை அவுக்கச் சொல்லக் கூடாது. எங்க பக்கத்துப் பொம்பளைக மானத்துக்கு அஞ்சினவுக.”

“சோதிச்சுப் பாக்காம நோயில்லைன்னு எப்படி எழுதுறது?”

“என் வாக்கை நம்பித்தானே நெய் வாங்குறீக? மோந்தா பாக்குறீக?”

டாக்டரம்மா, பெண்கள் வராமலே போவதைவிட இது மேல் என்று, அரை மனதாக ஒத்துக்கொண்டார். ஜில்லாப் பெண்களின் மானத்தைக் காத்த இந்த உடன்படிக்கைக்காக அடைக்கலமேரியை அன்று பலர் புகழ்ந்தார்கள். அவர் முதன்மையாகக் காத்தது எந்தப் பெண்ணின் ரவிக்கையை என்பது அவருக்கும் மாதாவுக்கும் மட்டும் தெரியும்.

பெண்களைச் சேர்த்த விதம் தனியாகப் படிக்கத் தக்கது. எந்த வீட்டில் யாருக்குத் தூரம் நின்றது என்பது, வீட்டு ஆண்களுக்குத் தெரியாவிட்டாலும், அடுப்படி வரை போகும் நெய்க்காரிக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டிலும் அவர் சொன்னது ஒன்றே: “டாக்டரம்மா நோய் நொடியில்லாத பொம்பளையாப் பாத்து எடுக்குறாக. மேலவீட்டு மூக்காயியை எடுத்தாச்சு. நீ வரலைன்னா பரவாயில்ல. ஒனக்கு என்னமோ இருக்கும்போலன்னு சொல்லிக்கிறேன்.”

இதைக் கேட்டுவிட்டு வரமாட்டேன் என்று சொல்லும் தைரியம் எந்தப் பெண்ணுக்கு உண்டு? ரத்தம் எடுத்தால் செத்துப்போவோம் என்று பயந்தவர்கள்கூட, செத்தாலும் நோயில்லாமல் சாவோம் என்று பெயர் கொடுத்தார்கள். குன்றாண்டார்கோவில் சின்னப்பிள்ளை மட்டும் எதிர்க் கேள்வி போட்டார். அறுபது வயதுக் குடியானவர் வீட்டுப் பெண்மணி. அடைக்கலமேரிக்கு வெண்ணெய் போடுகிறவர். முப்பது வருடமாக அவரோடு சண்டை பிடிக்கும் உரிமை பெற்றவர்.

“ஏன்டி மேரி, நீயும் ரத்தம் குடுக்குறியா, இல்ல எங்களைத் தள்ளிவிட்டுட்டு அங்கிட்டு நின்னு வேடிக்கை பாக்குறியா?”

“நான் குடுக்காமயா? மொதப் பேரே என் பேருதான்!”

இப்படியாக விளம்பரப் பலகை தன்னையும் மாட்டிக்கொண்டது.

டாக்டரம்மா இரண்டு கட்டளைகள் கொடுத்திருந்தார். ஒன்று, ஹார்மோனை அளப்பதற்காக முதல் நாள் முழுவதும் போகிற சிறுநீரை ஒரு சொட்டு விடாமல் பிடித்து வர வேண்டும். அதற்கென்று பட்டணத்திலிருந்து பெரிய பெரிய கண்ணாடிச் சீசாக்கள் வரவழைத்து ஆளுக்கொன்று கொடுத்தார். இரண்டு, ரத்தக் கொழுப்பு சரியாகத் தெரிவதற்காக, அன்று காலை பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் வாயில் படக் கூடாது.

சீசாக்களைப் பார்த்ததும் எல்லாப் பெண்களும், ஒருவரை ஒருவர் கலக்காமலே, ஒரே முடிவுக்கு வந்தார்கள். கண்ணாடி, இறுக்கமான மூடி, கையளவு வாய். இவ்வளவு நல்ல பாத்திரத்தை அந்தக் காரியத்துக்கு ஆக்குவதா? அப்படிச் செய்தால் அந்தக் குடும்பம் விளங்குமா? சீசாக்கள் மாவடுவும் எலுமிச்சையும் நிறைந்து உறிக்குப் போயின. அந்தக் காரியம் மண்கலயங்களில் நடந்தேறியது. கலயங்களின் வாயைத் துணியால் வேடு கட்டி, பெண்கள் விடியற்காலைப் பஸ்ஸில் ஏறினார்கள்.

கண்டக்டர் வெள்ளைச்சாமி வரிசையாகக் கலயங்களைப் பார்த்தார்.

“என்னாத்தா மேரியாத்தா, இன்னைக்கு ஆளுக்கொரு கலயம்? நெய்க்கு லக்கேஜ் போடணும்.”

“நெய்யில்லப்பா.”

“பின்னே?”

“டாக்டரம்மா கேட்டது.”

“அவுக கேட்டாலும் லக்கேஜ் லக்கேஜ்தான். நல்ல நெய்யா இருந்தா ஒரு சொட்டு உள்ளங்கையில விடுங்க, விட்டுடுறேன்.”

பின் சீட்டிலிருந்து சின்னப்பிள்ளை, “கேக்குறான்ல, குடுத்துத் தொலையேன்டி!” என்றார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள்.

“தெறந்து பாத்துக்கப்பா. பாத்தப்புறம் என்னைய ஒண்ணும் சொல்லக் கூடாது,” என்றார் அடைக்கலமேரி.

வெள்ளைச்சாமி ஒரு கலயத்தின் துணிக்கட்டை அவிழ்த்தார். குனிந்தார். நிமிர்ந்தார். பிறகு புதுக்கோட்டை வரை அந்தப் பஸ்ஸில் யாருக்கும் லக்கேஜ் போடப்படவில்லை. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே வந்தார். காற்று நன்றாக வருகிறது என்று டிரைவரிடம் சொன்னார்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் நோயில்லாதவர்களுக்கு. அந்தப் பக்கம் கட்டி உள்ளவர்களுக்கு. கலயங்களைக் கண்ட டாக்டரம்மா, “சீசாக்கள் எங்கே?” என்று கேட்டார். தாழ்வாரமே தரையைப் பார்த்தது. மூக்காயி மட்டும் உண்மையை மறைக்கத் தெரியாமல், “நல்லா ஊறிக்கிட்டிருக்குங்க டாக்டரம்மா!” என்றார். டாக்டரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பிறகு தோள் குலுங்கச் சிரித்துவிட்டு, வேறு சீசாக்கள் எடுத்துவரச் சொன்னார்.

எதிர்ப் பெஞ்சில் அன்று ஒரே ஒரு பெண்தான். ஆவுடையார்கோவில் பக்கத்துச் செவந்தி. அடைக்கலமேரியின் வயதுதான் இருக்கும். பார்த்தால் பத்து வயது மூத்தவர். முந்தானையை மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தார். ஈ வந்தது, விரட்டினார், மறுபடி வந்தது. காற்று அந்தப் பக்கத்திலிருந்து அடித்தபோது, நோயில்லாத பெஞ்சுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து தங்கள் பெஞ்சை ஒரு முழம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். பெஞ்சுக் கால்கள் கீறிய சத்தம் செவந்திக்குக் கேட்டிருக்கும். அவர் தலையைத் தூக்கவில்லை.

அடைக்கலமேரிதான் பேச்சுக் கொடுத்தார். “எம்புட்டு நாளா?”

“மொதல்ல சின்னதா இருந்துச்சு. மஞ்சப்பத்துப் போட்டேன். வெத்தலை வாட்டி வச்சேன். யாருக்கிட்டயும் சொல்ல வெக்கமாப் போச்சு. வலியும் இல்லையா, அப்படியே விட்டுட்டேன்.” செவந்தி மெல்லச் சிரிக்கப் பார்த்தார். “இப்ப எல்லாருக்கும் தெரியுது. மூக்கு இருக்குல்ல.”

அடைக்கலமேரி தன் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். 

ஒவ்வொருவராக உள்ளே போய் ரத்தம் கொடுத்துவிட்டு, கையை மடக்கிக்கொண்டு வீராங்கனைகளாக வெளியே வந்தார்கள். ஆள் கூட்டி வந்தவர் என்ற முறையில் அடைக்கலமேரி தன் முறையைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தார். உள்ளே ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் யந்திரம் உறுமிற்று. சற்று நேரத்தில் டாக்டரம்மா ஒரு கண்ணாடிக் குழாயோடு வெளியே வந்தார். மற்றவர்களின் குழாய்களில் மேலே தெளிந்த நீர் நின்றது. இந்தக் குழாயில் வெள்ளையாக, பால் கலந்ததுபோல் நின்றது.

“சின்னப்பிள்ளையம்மா, காலையில என்ன சாப்பிட்டீங்க?”

“நானா? பச்சத் தண்ணி.”

“அப்படின்னா இது என்ன?”

சின்னப்பிள்ளை குழாயைப் பார்த்தார். பிறகு மேற்கூரையைப் பார்த்தார். “வெறும் வயித்தோட பஸ் ஏறுனா மயக்கம் வருமேன்னு… இருட்டோட எந்திரிச்சு ஒரு கை பொங்கல். சும்மா நாலு கரண்டி நெய்யி. எல்லாம் இவ நெய்யிதான்! பாருடி மேரி, எப்படி மெதக்குதுன்னு. கலப்படமில்லாத சரக்குன்னு டாக்டரம்மாவுக்கே தெரிஞ்சு போச்சு!”

டாக்டரம்மாவால் சிரிக்க முடியவில்லை. “இதைச் சேர்க்க முடியாது. நோயில்லாதவங்க கணக்குல ஒரே ஒரு தப்பு ரத்தம் சேர்ந்தாக்கூட, மொத்தக் கணக்கும் பொய் சொல்லும். அந்தப் பொய்யை நம்பி நாளைக்கு நான் எவளுக்காவது வைத்தியம் பண்ணுவேன்.” குழாயை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அவ்வளவுதான். அடைக்கலமேரி அவர்கள் எழுந்து நின்றார். அந்தத் தாழ்வாரத்தில் அன்று நிகழ்ந்த சொற்பொழிவு கேட்டவர் மனதில் நெடுநாள் நின்றது.

“ஏன்டி சின்னப்புள்ள, ஒனக்கு அறிவிருக்கா? எங்களுக்கெல்லாம் தவக்காலத்துல பட்டினி கெடக்கத் தெரியலையா? நான் வாக்குக் குடுத்துக் கூட்டியாந்திருக்கேன், என் வாக்குக்கு என்னடி மருவாதி? அந்தம்மா ராப்பகலா ஒக்காந்து கணக்குப் பாக்குறாக, அதுல கொண்டுபோய்க் கலப்படம் பண்ணுறியே!”

“ஒரு கை பொங்கல்தானேடி! என்னமோ ஊரைக் கொள்ளையடிச்ச மாதிரி.”

“ஒரு கைதானா? எம் மகனும் இப்படித்தான்டி சொன்னான், ஒரு கரண்டிதானேன்னு. உள்ள ஊத்துனப்புறம் அந்தக் கரண்டி எதுன்னு…”

சொற்பொழிவு அங்கே நின்றது.

பெண்கள் காத்திருந்தார்கள். மூக்காயி, மூச்சு வாங்குகிறார் என்று நினைத்து, சொம்புத் தண்ணீரை நீட்டினார். அடைக்கலமேரி வாங்கவில்லை. தான் உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்த்தார். இழுத்துக்கொண்ட ஒரு முழத்தைப் பார்த்தார். எதிரே, ஈயை விரட்டிக்கொண்டிருந்த கையைப் பார்த்தார்.

உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டாள்: “அடுத்து, நோயில்லாதவங்கள்ல கடைசி. அடைக்கலமேரி!”

“போடி, பெரிய பிரசங்கம் பண்ணுன. போய் ஊசி குத்திக்க,” என்றார் சின்னப்பிள்ளை.

அடைக்கலமேரி குனிந்து நெய்த்தூக்கை எடுத்தார். வலது இடுப்பில் வைத்தார். பிறகு உள்ளே போகும் கதவைத் தாண்டி, தாழ்வாரத்தின் குறுக்கே நடந்தார். பிரசங்கத்தின் மிச்சம் ஏதோ வரும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.  அவர் செவந்தியின் பக்கத்தில் போய், “கொஞ்சம் நகந்துக்க தாயி,” என்று சொல்லி, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார். தூக்கை மடியில் வைத்துக்கொண்டார். செவந்தியின் மேல் வந்த ஈயைத் தன் முந்தானையால் விரட்டினார்.

 

டாக்டரம்மா கதவுக்கு வந்தார். “அடைக்கலமேரியம்மா, அங்க எதுக்கு உக்காந்தீங்க? உங்களுக்கு இங்கதான்.”

“இல்லீங்க டாக்டரம்மா.” அவருடைய குரல் சின்னப்பிள்ளையின் பெஞ்சு வரை எட்டவில்லை. “என் நாத்தனா எப்ப வருவா, எப்ப வருவான்னு கேட்டுக்கிட்டே இருந்தீகல்ல?”

“ஆமாம்.”

“வந்திருக்கா.”